தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு

வாசகி கேட்டது: கார்டிஃபில் செவிலியராக இருக்கிறேன். கணவர் வேல்ஸ்காரர். மாமனாருக்கு 79 வயது. அவருடைய கொள்ளுப்பாட்டி 1846-இல் நியூகாஸில் எம்லின் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருக்கிறது. தாய் பண்ணை வேலைக்காரி. கையெழுத்துக்குப் பதில் சிலுவைக்குறி போட்டிருக்கிறார். "பண்ணைக்காரர் மகன்தான் காரணம்" என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. இப்படிப்பட்ட விவகாரங்கள் அந்தக் காலத்தில் கோர்ட்டுக்குப் போகும் என்று கேள்விப்பட்டேன். அந்தக் காகிதங்கள் எங்கே கிடைக்கும்? அவற்றை வைத்து உண்மை தெரிந்துவிடுமா? மாமியாருக்கு இதையெல்லாம் தோண்டுவதே பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் விஷயத்தைக் கடைசியில் பேசுவோம். உங்கள் கடிதத்தில் 1846 என்ற ஆண்டைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெண் ஐந்து வருடம் முன்னால் பிறந்திருந்தால், "தேடுங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்" என்று எழுதி முடித்திருப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளைப் பற்றி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலை மலையாகக் கோர்ட் காகிதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட "இந்தப் பிள்ளைக்கு அப்பா யார்" என்ற அக்கறையில் எழுதப்பட்டதல்ல. "இந்தப் பிள்ளைக்குச் சோறு போடும் செலவு யார் தலையில்" என்பதுதான் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் காகிதம் எங்கே இருக்கும், எதை எவ்வளவு நம்பலாம் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

1576-லேயே இதற்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் உட்கார்ந்து, தாயும் தந்தை என்று சொல்லப்படுபவரும் பிள்ளையின் செலவை ஏற்க வேண்டும் என்று உத்தரவு போடலாம். அவர்கள் ஏற்காவிட்டால் பாரிஷ், அதாவது அந்த ஊர்க் கோயில் பங்கு, ஏழை வரியிலிருந்து கொடுத்தாக வேண்டும். வரி கட்டும் விவசாயிக்கு அது வயிற்றெரிச்சல். அதனால் கர்ப்பிணிப் பெண் என்று தெரிந்ததும் ஏழை நிவாரணம் பார்க்கும் ஓவர்சீயர் அவளை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிடுவார். 1733 சட்டப்படி அவள் சத்தியம் செய்து ஒரு பெயரைச் சொன்னால் போதும், அந்த ஆளைப் பிடித்து வரலாம். பணத்துக்கு ஜாமீன் எழுதிக் கொடுக்கும்வரை உள்ளே வைக்கலாம். பழைய பாரிஷ் பெட்டிகளில் கிடைக்கும் ஜாமீன் பத்திரங்களும் வாக்குமூலங்களும் இப்படி வந்தவை.

1834-இல் எல்லாம் தலைகீழானது. புதிய ஏழைச் சட்டத்தை எழுதியவர்கள், பெண்கள் வசதியான ஆளாகப் பார்த்துப் பெயர் சொல்லிவிடுகிறார்கள் என்று முடிவு கட்டி, பிள்ளையின் பொறுப்பைத் தாய் தலையிலேயே வைத்தார்கள். ஆண் மேல் வழக்குப் போடும் அதிகாரம் ஏழை நிவாரண நிர்வாகிகளுக்கு மட்டும். அதுவும் பிள்ளை அவர்கள் செலவில் வந்து விழுந்தால்தான். தாயின் வார்த்தை மட்டும் செல்லாது, வேறு சாட்சியம் வேண்டும். வழக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குவார்ட்டர் செஷன்ஸுக்குப் போக வேண்டும். 1839-இல் கோர்ட்டை மட்டும் மாற்றினார்கள். வழக்குப் போடும் உரிமை அப்போதும் தாயிடம் வரவில்லை. இந்தப் பத்து ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் தந்தையரைக் காகிதத்தில் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம்.

இந்தச் சட்டத்தின் மேல் இருந்த கோபம் உங்கள் மாமனாரின் மண்ணிலேயே வெடித்தது. ரெபெக்கா கலவரத்தைப் பற்றி உங்கள் கணவர் பள்ளியில் படித்திருப்பார். 1839-இல் தொடங்கி, 1842, 43-இல் கார்மார்தென்ஷயரிலும் பக்கத்து மாவட்டங்களிலும் ஆண்கள் பெண் வேடம் போட்டுக்கொண்டு இரவில் வந்து சுங்கச்சாவடிகளை உடைத்தார்கள். 1843 ஜூனில் கார்மார்தென் நகரத்து ஏழை விடுதிக்குள்ளும் புகுந்தார்கள். பலருக்குச் சுங்கச்சாவடி மட்டும்தான் ஞாபகம். ஆனால் அதே ரெபெக்கா கூட்டம் சில இரவுகளில் தாய் கையில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அப்பன் வீட்டு வாசலில் நின்று, "உன் பிள்ளை, நீ வளர்" என்று ஒப்படைத்திருக்கிறது. கலவரத்தை விசாரிக்க வந்த அரசுக் குழுவிடமும் ஊர்க்காரர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றிப் புகார் சொன்னார்கள். குழுவின் அறிக்கை 1844-இல் வந்தது. அதே ஆண்டு சட்டமும் மாறியது.

இனிமேல் தாயே நேராகப் பெட்டி செஷன்ஸுக்குப் போய் மனுப் போடலாம். பெட்டி செஷன்ஸ் என்றால் உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள் ஜூரி இல்லாமல் விசாரிக்கும் சிறு கோர்ட். உத்தரவு கிடைத்தால் வாரம் அதிகபட்சம் இரண்டரை ஷில்லிங், பிள்ளைக்கு 13 வயது வரும்வரை. (1872-இல் இதை ஐந்து ஷில்லிங்காக உயர்த்தினார்கள்.) உங்கள் மாமனாரின் கொள்ளுப்பாட்டி பிறந்தது இந்தக் கதவு திறந்த இரண்டாவது வருடம்.

சரி, எங்கே தேடுவது?

முதலில் தேதியைக் குறுக்குங்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே தாய் மனுப் போடலாம். பிறந்த பிறகு என்றால் 12 மாதத்துக்குள். அந்த ஆள் ஒரு வருடத்துக்குள் கொஞ்சம் பணம் கொடுத்து, பிறகு நிறுத்திவிட்டால் மட்டும் அதற்கு அப்புறமும் போகலாம். ஆக, பிறந்த தேதிக்கு நாலைந்து மாதம் முன்னால் தொடங்கி அடுத்த ஓராண்டு முடிய பார்த்தால் பெரும்பாலும் போதும்.

அடுத்தது இடம். நியூகாஸில் எம்லின், டைவி ஆற்றங்கரை ஊர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கார்மார்தென்ஷயர், பாலத்தைத் தாண்டினால் கார்டிகன்ஷயர், மேற்கே கொஞ்ச தூரம் போனால் பெம்புரோக்ஷயர். அந்தப் பெண் எந்தக் கரையில் குடியிருந்தாளோ அந்த மாவட்டத்துக் கோர்ட்டுக்குத்தான் போயிருப்பாள். வேலை செய்த பண்ணை ஒரு கரை, பேறுகாலத்துக்குப் போன தாய் வீடு மறு கரை என்று இருக்கவும் வாய்ப்பு உண்டு. எனவே கார்மார்தென், அபெரிஸ்ட்வித், ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஆகிய மூன்று ஊர்களில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். பெட்டி செஷன்ஸ் பதிவேடு இந்த ஆண்டுகளுக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். 1844 சட்டப்படி பெட்டி செஷன்ஸ் எழுத்தர்கள் இந்த மனுக்களின் பட்டியலை மாவட்டத்தின் குவார்ட்டர் செஷன்ஸுக்கு அனுப்ப வேண்டும். எந்தப் பெண், எந்த ஆண் மேல், உத்தரவு ஆனதா தள்ளுபடியா என்ற விவரம் அதில் இருக்கும். மூலப் பதிவேடு தொலைந்த இடத்தில்கூட இந்தப் பட்டியல் குவார்ட்டர் செஷன்ஸ் ஆவணக் கட்டுகளில் பிழைத்திருக்கலாம். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூலப் பதிவேடு ஏன் இத்தனை இடங்களில் தொலைந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பெட்டி செஷன்ஸ் எழுத்தர் என்பவர் பெரும்பாலும் அந்த ஊர் வக்கீல். கோர்ட் புத்தகத்தைத் தன் ஆபீஸ் அலமாரியிலேயே வைத்துக்கொள்வார். அவர் போனதும் அது அவர் கட்சிக்காரர்களின் பத்திரங்களோடு கலந்துவிடும். அதனால் காப்பகப் பட்டியலில் "நீதிமன்றம்" என்ற தலைப்பில் கிடைக்காதது, "வக்கீல் அலுவலகச் சேகரிப்பு" என்ற தலைப்பில் கிடைப்பது உண்டு.

தேடும்போது ஒரு சங்கடம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காப்பகப் பட்டியல்களில் இவை "பாஸ்டர்டி" (திருமணத்துக்கு வெளியே பிறத்தல்) என்ற சொல்லின் கீழேதான் கிடக்கின்றன. வசைச்சொல்லைத் தட்டச்சு செய்வது போல் இருக்கும். வேறு வழியில்லை, அதுதான் சட்டத்தின் சொல். "அஃபிலியேஷன்" (தந்தை இவர்தான் என்று கோர்ட் முடிவு செய்வது) என்றும் போட்டுப் பாருங்கள். பாரிஷ் ஞானஸ்நானப் பதிவேட்டில் "பேஸ்" என்றோ "ஸ்பூரியஸ்" என்றோ இருக்கும். வெல்ஷ் பேச்சில் இருந்த பெயர்கள் இவ்வளவு கடுமையானவை அல்ல. "ப்ளென்டின் ஷவ்ன்ஸ்" என்றால் தற்செயலாக வந்த பிள்ளை. "ப்ளென்டின் ஹ்லுயின் அ ஃபெர்த்" என்றால் புதரிலும் வேலியோரத்திலும் உண்டான பிள்ளை. மாமனாரிடம் இந்த இரண்டாவதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

காப்பகத்துக்குப் போகுமுன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வேல்ஸ் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகத் தேடத் தருகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். கார்மார்தெனில் வெளிவந்த "வெல்ஷ்மேன்", ஸ்வான்சியின் "கேம்பிரியன்" இரண்டும் அதில் உண்டு. ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்ததை நிருபர்கள் எழுதுவார்கள். இந்த மாதிரி வழக்கு என்றால் ருசியோடு எழுதுவார்கள், கூட்டம் எங்கே சிரித்தது என்பது உட்பட. தாயின் வார்த்தைக்குத் துணைச் சாட்சியம் வேண்டும் என்று சட்டம் சொன்னதால், சந்தையிலிருந்து இருவரும் சேர்ந்து நடந்து வந்ததைப் பார்த்தவர், அவன் கொடுத்த கடிதத்தைப் படித்துக் காட்டியவர் என்று சாட்சிகள் வந்து நிற்பார்கள். கோர்ட் பதிவேட்டில் ஒற்றை வரியாக இருப்பது செய்தித்தாளில் அரைப் பத்தியாகக் கிடைக்கும்.

அவன் பணம் கட்டாமல் இழுத்தடித்திருந்தால் நமக்கு இன்னும் நல்லது. அப்படி இழுத்தடித்தவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். சிறைப் பதிவேட்டில் உயரம், முடியின் நிறம், தொழில் எல்லாம் எழுதிவைப்பது வழக்கம். ஒருவரின் முன்னோர் ஒழுங்காகப் பணம் கட்டாததற்கு மகிழ்ச்சி அடையும் தொழில் என்னுடையது.

இப்போது இரண்டாவது கேள்வி: காகிதம் கிடைத்தால் உண்மை தெரியுமா?

காகிதமே "தந்தை" என்று எழுதுவதில்லை. "தந்தை என்று கருதப்படுபவர்" என்றுதான் எழுதும். இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் நம்பினார்கள் என்பது வரைதான் அது உத்தரவாதம். அவர்கள் பெரும்பாலும் நிலக்கிழார்கள் அல்லது ஆங்கிலிக்கன் பாதிரியார்கள். கோர்ட்டின் மொழி ஆங்கிலம். அந்தப் பெண்ணுக்கோ அனேகமாக வெல்ஷ் மட்டும்தான் தெரிந்திருக்கும். அவள் ஒரு மொழியில் சொன்னதை ஒருவர் மொழிபெயர்க்க, எழுத்தர் சட்டப் பாஷையில் எழுதினார். "மேற்படி நபருடன் உடலுறவு கொண்டதாக" என்று காகிதத்தில் இருந்தால், அவள் வாயிலிருந்து வந்தது அந்தச் சொற்கள் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த ஊர்ப் பெண்களைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அடுத்த ஆண்டே அச்சில் சாட்சி வந்தது. 1847-இல் கல்வி நிலையை ஆராய வந்த மூன்று ஆணையர்களின் அறிக்கை, வெல்ஷ் பெண்களுக்குக் கற்பொழுக்கம் இல்லை என்ற ரீதியில் பேசியது. வேல்ஸில் இன்றும் அதை "நீலப் புத்தகங்களின் துரோகம்" என்றுதான் சொல்கிறார்கள்.

பெயர் எழுதியிருந்தாலும் சந்தேகம் தீராது என்பதற்கு ஒரு பிரபலமான உதாரணம். ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிப் போன ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி, வேல்ஸில் டென்பி ஊரில் 1841-இல் ஜான் ரோலண்ட்ஸ் என்ற பெயரில் பிறந்தவர். ஞானஸ்நானப் பதிவேட்டில் "பாஸ்டர்ட்" என்று முகத்தில் அறைந்தாற்போல் எழுதி, தந்தை பெயரையும் எழுதியிருக்கிறார்கள். இருந்தும், உண்மையான தந்தை ஊர் வக்கீல் ஒருவர் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

அதனால் கோர்ட் காகிதத்தைத் தனியாக நிற்க விடாதீர்கள், பக்கத்தில் வேறு ஆதாரங்களை நிறுத்துங்கள். என் அனுபவத்தில் மிகவும் உதவுவது, அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டபோது கொடுத்த விவரம். திருமணச் சான்றிதழில் தந்தை பெயருக்கும் தொழிலுக்கும் இடம் உண்டு. சிலர் வெட்கப்பட்டுத் தாத்தா பெயரைப் போடுவார்கள், சிலர் ஒரு பெயரைக் கற்பனை செய்வார்கள். ஆனால் எத்தனையோ பேர் ஊருக்கே தெரிந்த உண்மையைத் தைரியமாக எழுதியிருக்கிறார்கள். கொள்ளுப்பாட்டியின் கல்யாணச் சான்றிதழ் உங்களிடம் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. முதலில் அதை வாங்குங்கள். அப்புறம் 1851 மக்கள்தொகைக் கணக்கில் அந்த ஐந்து வயதுக் குழந்தை யார் வீட்டில், என்ன உறவாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பாட்டி வீட்டில் "மகள்" என்றே எழுதிவைத்திருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இங்கே தமிழர்களுக்கு எளிதில் புரியும் ஒரு விஷயம். நாம் அப்பா பெயரை இனிஷியலாக வைப்பதுபோல, வேல்ஸில் அந்தக் காலத்தில் அப்பாவின் முதல் பெயரே பிள்ளையின் பின்பெயராக இருந்தது. மேற்கு வேல்ஸ் கிராமங்களில் இந்தப் பழக்கம் 1800-களிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கும் அப்படியே அப்பா பெயரை ஒட்டிவிடுவார்கள். கொள்ளுப்பாட்டியின் பின்பெயர் எங்கேயாவது தாயின் பின்பெயரிலிருந்து மாறி வருகிறதா என்று பாருங்கள். மாறினால் அது எழுத்துப் பிழையாக இல்லாமல் தடயமாக இருக்கலாம். ஆனால் ஜாக்கிரதை: அந்தப் பகுதியில் ஜான் ஜோன்ஸ், டேவிட் டேவிஸ் எல்லாம் நம் ஊர் முருகன், செல்வம் மாதிரி. ஒருமுறை நான் முழுதாக மூன்று நாள் ஒரு டேவிட் டேவிஸின் பின்னால் போனேன். குடும்ப மரம் எல்லாம் வரைந்த பிறகுதான் தெரிந்தது, சம்பவம் நடந்த வருடத்தில் அவருக்கு வயது ஒன்பது.

பண்ணைக்காரர் மகன் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை உண்டு. கிடைத்த காகிதங்களிலோ பெரும்பாலும் அதே பண்ணையில் குதிரை பார்த்துக்கொண்ட பையன்தான் வருவான். இருந்தாலும் சோதித்துப் பார்க்கலாம். அந்தக் காலத்து வரைபடங்களை, எந்தப் பண்ணையை யார் வைத்திருந்தார்கள் என்ற விவரத்தோடு, தேசிய நூலகம் இணையத்தில் தருகிறது. 1858-க்கு முந்தைய வேல்ஸ் உயில்களும் அங்கே இலவசம். அந்தக் குடும்பத்து உயில் எதிலாவது காரணம் சொல்லாமல் ஒரு சிறுமிக்குச் சில பவுண்டுகள் எழுதப்பட்டிருந்தால் அந்தப் பேச்சுக்கு உயிர் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பண்ணை வேலையாட்களை நவம்பர் சந்தையில் ஒரு வருடத்துக்கு என்று பேசி அமர்த்துவார்கள், அடுத்த நவம்பரில் வேறு பண்ணை. 1841 கணக்கில் அவள் இருந்த பண்ணை வேறு, 1845-இல் கர்ப்பமானபோது இருந்த பண்ணை வேறாக இருக்கலாம். குடும்பங்கள் குற்றம் சாட்டுவது பல சமயம் தவறான பண்ணையைத்தான்.

டிஎன்ஏ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆண் வழியைப் பார்க்கும் பரிசோதனை இங்கே பயன்படாது, ஏனென்றால் இந்த வம்சவழி ஒரு பெண் மூலமாக வருகிறது. பொதுவான பரிசோதனை செய்யலாம், அதைக் கணவருக்குச் செய்வதைவிட மாமனாருக்குச் செய்வது மேல். அந்த ஆளிடமிருந்து அவருக்குச் சராசரியாக 6 சதவீதம் வந்திருக்கும். உங்கள் கணவருக்கு அதில் பாதி. கோர்ட் காகிதத்தில் ஒரு பெயர் கிடைத்து, அந்தப் பெயருள்ளவரின் வேறு சந்ததியாரோடு மாமனாரின் டிஎன்ஏ பொருந்தினால் நிம்மதியாக எழுதிவைக்கலாம். ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். அவன் இரவோடு இரவாக மெர்தர் பக்கம் இரும்பு ஆலைக்குப் போயிருப்பான், அல்லது அமெரிக்கக் கப்பல் ஏறியிருப்பான், அல்லது அவன் அப்பா ஒரு தொகையைக் கொடுத்து கோர்ட் வாசல் மிதிக்காமல் முடித்திருப்பார். காகிதம் இல்லை என்பதால் "தந்தை தெரியாதவர்" என்று எழுதாதீர்கள். அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரிந்திருக்கும்.

கணவரின் வேறு கிளைகளில் இதற்கு முந்தைய ஆண்டுகள் வந்தால் தேட வேண்டிய இடம் மாறும், சுருக்கமாகச் சொல்கிறேன். வேல்ஸுக்கென்றே இருந்த கிரேட் செஷன்ஸ் என்ற பெரிய கோர்ட் 1830 வரை நடந்தது. பிறந்த குழந்தையை மறைத்த, கொன்ற வழக்குகள் அங்கேதான் போகும். 1730 முதல் 1830 வரையிலான குற்ற வழக்குகளைத் தேசிய நூலகத்தின் தளத்தில் தேடலாம். 1803 வரை சட்டம் கொடூரமானது: கல்யாணமாகாத தாய் பிறப்பை மறைத்து, குழந்தை இறந்து கிடந்தால், அது பிறக்கும்போதே இறந்திருந்தது என்று அவள்தான் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் கொலை. அதைப் படிக்கும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். 1733-க்கு முன்னால் போனால் கோர்ட் பதிவுகள் லத்தீனில் இருக்கும்.

கடைசியாக, மாமியார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவர் வளர்ந்த காலத்தில் இந்த விஷயம் சேப்பலிலிருந்து ஒரு பெண்ணைத் தள்ளிவைக்கப் போதுமான காரணமாக இருந்திருக்கும். அவரோடு வாதாட வேண்டாம். இது மாமனாரின் கொள்ளுப்பாட்டி, முடிவு அவருடையது. அவரிடம் தனியாகக் கேளுங்கள்: பெயர் கிடைத்தால் தெரிந்துகொள்ள வேண்டுமா, அது நல்ல பெயராக இல்லாவிட்டாலும் வேண்டுமா? டிஎன்ஏ கொடுப்பதானால் எதிர்பாராத உறவுகளும் வரலாம், அதையும் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் கல்யாணச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளலாம். வேண்டும் என்றால் மாமியாரிடம் அப்பாவைத் தேடுவதாகச் சொல்லாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வேலைக்காரப் பெண், இரண்டு வருடம் முன்பு கிடைத்த உரிமையை வைத்துக்கொண்டு, தெரியாத மொழி பேசும் கோர்ட்டில் ஏறி நின்றாளா என்று தேடுவதாகச் சொல்லுங்கள். நீங்கள் தேடப்போவதும் அதைத்தானே.

கல்யாணச் சான்றிதழ் வந்ததும் அதன் நகலையும், பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாக எழுதியிருக்கும் பண்ணையின் பெயரையும் எனக்கு அனுப்புங்கள். எந்தக் கரை என்று பார்த்துச் சொல்கிறேன்.